எழுநூற்று இருபது மாதக் குழந்தை

அன்சான், கொரியா
மே 18

அன்புள்ள லேராவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். சுகம் என்பதில் அப்பாவின் வலது முழங்காலைச் சேர்க்கவில்லை, அது தனிக் கதையாக மருத்துவமனைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. நீயும் சுகமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் போனில் நீ சொல்வதெல்லாம் "நல்லாத்தான் இருக்கேன்மா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்ற ஒரே வாக்கியம், அதிலிருந்து வேறு எதையும் பிழிந்தெடுக்க முடிவதில்லை. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா பின்னால் நின்று பாத்திரம் கழுவுகிற சாக்கில் ஒட்டுக் கேட்கிறார், கழுவின தட்டையே மூன்று தடவை கழுவுகிறார். அதனால்தான் கடிதம். திங்கட்கிழமை தாஷ்கெண்டுக்குப் பறக்கும் ரோஸாவிடம் பார்சலோடு கொடுத்தனுப்புகிறேன். ரோஸா என்னோடு ஒரே வரிசையில் நின்று, முகத்தில் ஒட்டும் அழகுத்தாளை உறையில் போடுகிறவள். ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு நானும் பத்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். உறையின் மேல் கொரிய அழகின் ரகசியம் என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் வரிசையில் இருக்கும் பதினாறு பேரில் ஒருத்திகூட இந்த நாட்டில் பிறந்தவள் இல்லை, ஆகவே ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

உன் பள்ளியின் விளம்பரத்தை ரோஸாவின் தங்கை அனுப்பியிருந்தாள். உன் படத்துக்குக் கீழே "தாயகத்திலிருந்து நேரடியாக வந்த கொரிய மொழி ஆசிரியை" என்று போட்டிருக்கிறார்கள். சிரித்தேன், பிறகு போனில் சேமித்து வைத்துக்கொண்டேன். சுவோனில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது அந்த மேலாளர் உன்னிடம், "அடடா, நம்ம பாஷை எவ்வளவு நல்லா பேசறீங்க, எந்த நாடு நீங்க?" என்று கேட்டதும், ஒன்பது வயதிலிருந்து இங்கேயே படித்த நீ வீட்டுக்கு வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றதும் எனக்கு மறக்கவில்லை. அதே பாஷைதான் இன்று அங்கே உனக்குச் சோறு போடுகிறது. இங்கே வரத் துடிக்கும் பிள்ளைகளுக்கு, இங்கிருந்து கிளம்பிப் போனவள் பாடம் நடத்துகிறாள். வந்து இறங்கியதும் அவர்களையும் எந்த நாடு என்று கேட்பார்களே, அதை எத்தனையாவது பாடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. உன் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார், ஆனால் சம்பள உயர்வு வந்த பிறகு கேள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு அறுபது முடிகிறது. தமாரா அத்தை புத்தாண்டுக்கு மறுநாளிலிருந்து வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. மனிதனுக்கு மூன்று மேசை, முதல் பிறந்தநாளுக்குப் பெற்றவர்கள் போடுவது ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, அறுபதுக்குப் பிள்ளைகள் போடுவது ஒன்று, மூன்றும் வாங்காதவன் அரை மனிதன் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் அத்தை என்னிடம் நாள்தோறும் ஒப்பிப்பதால் நானும் யாரிடமாவது ஒப்பித்தாக வேண்டியிருக்கிறது. அறுபதாம் மேசையில் மூத்த பிள்ளை முதல் கோப்பையை ஊற்றிக் கொடுத்து விழுந்து வணங்க வேண்டும். எங்களுக்கு மூத்ததும் கடைசியும் நீ ஒருத்திதான். நீயோ போன செப்டம்பரில் விமான நிலையத்தில், பயணப்பையை இழுத்துக்கொண்டே, "இனிமே இந்த ஊர்ல எதுக்கும் என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்கு முன் அப்பா சொன்னதும் நியாயமில்லைதான். "எங்கப்பா சாகிற வரைக்கும் இந்த மண்ணை மிதிக்கணும்னு கெடந்தாரு, உனக்கு அது பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆயிடுச்சு" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். நீ அதற்கு, "பதினாறு வருஷமா தெனமும் எந்த ஊருன்னு கேக்கறாங்கப்பா, அங்க போனா ஒரு தடவதான் கேப்பாங்க" என்றாய். அது நல்ல பதில். அதோடு எதுக்கும் கூப்பிடாதீங்க என்ற கடைசி வாக்கியத்தைச் சேர்க்காமல் இருந்திருந்தால் இன்னும் நல்ல பதில். அப்பா அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். எட்டு மாதமாக உன்னை எதற்கும் கூப்பிடவில்லை.

அறுபதாம் மேசை என்றதும் இந்த ஊர்க்காரர்கள் எப்படி விழித்தார்கள் என்று நீ பார்த்திருக்க வேண்டும். அப்பாவின் பட்டறையில் போர்மன், "அறுபதுக்கா விருந்து? அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சுங்க. எங்கம்மாகிட்ட அறுபதுன்னு சொன்னாலே அடிக்க வருவாங்க. ஜேஜூ தீவுக்கு டூர் டிக்கெட் வாங்கிக் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டோம்" என்றாராம். அத்தை இதைக் கேட்டு என்னிடம், "பாத்தியா எல்வீரா, நம்பி இவங்ககிட்ட நாட்டை விட்டுட்டுப் போனோம், ஒண்ணொண்ணா தொலைச்சிட்டு நிக்கறாங்க" என்றாள். நம் ஆட்கள் ஏதோ ஒரு வார விடுமுறைக்குப் போய் வந்தது போலவும், திரும்பிப் பார்த்தால் வேலைக்காரர்கள் வீட்டைக் கெடுத்து வைத்திருப்பது போலவும் பேசுகிறாள். நூற்றைம்பது வருடம், இரண்டு எல்லை, முப்பத்தேழாம் வருடம் நம் ஆட்களை அள்ளிக்கொண்டுபோய்த் தாஷ்கெண்ட் பக்கம் கொட்டிய சரக்கு ரயில் எல்லாம் அத்தையின் கணக்கில் அந்த விடுமுறைக்குள் அடங்கிவிடுகிறது.

விஷயம் எப்படியோ, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்காக அரசு நடத்தும் பல்பண்பாட்டுக் குடும்ப மையத்துக்கு எட்டிவிட்டது. நம் நான்கு தலைமுறையிலும் கொரியரைத் தவிர வேறு யாரும் கிடையாது, இருந்தாலும் நாம்தான் பல்பண்பாட்டுக் குடும்பம். அங்கிருந்து மின் என்கிற குழுத்தலைவி அளவு நாடாவும் கையேடுமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். நல்ல பெண், முப்பது வயதிருக்கும், உட்காரும் முன்பே "நீங்க மறந்துபோன பாரம்பரியத்த உங்களுக்கே மீட்டுக் குடுக்கப் போறோம் மேடம்" என்றாள். அத்தை ஒன்றும் மறக்கவில்லை என்பதை அடுத்த இரண்டு மணி நேரத்தில் தெரிந்துகொண்டாள். கையேட்டில் மேசையின் படம் இருந்தது, இன்ன பழம் இத்தனை உயரம் அடுக்க வேண்டும் என்று. அதில் காரட் இல்லை. மின் தயங்கித் தயங்கி, "காரட் மட்டும் வேண்டாமே பெரியம்மா, அது கொரியச் சாப்பாடே இல்லீங்களே, போட்டோவுல வேற வரும்" என்றாள். அத்தை, "எண்பது வருஷமா அங்க அத்தன சந்தையிலயும் கொரியாக்காரன் காரட்டுன்னு கேட்டுத்தாம்மா வாங்கித் தின்னாங்க. எந்தக் கொரியான்னு ஒருத்தனும் கேக்கல, நீதான் மொதல்ல கேக்கற" என்றாள். கடைசியில் சமாதானமாகி, பூண்டும் மிளகாயும் போட்ட நம் காரட்டுக்கு மேசையின் ஓரத்தில், படத்தில் விழாத இடமாக ஒன்று ஒதுக்கப்பட்டது. அந்த இடம் எனக்குப் பழகினதுதான்.

இந்த நேரத்தில்தான் அப்பா குண்டைப் போட்டார். மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, "எதுக்கு இவ்ளோ கூத்து, எனக்குத்தான் மொத மேசையே போடலியே" என்றார். உனக்கு விதி தெரியும், முதல் மேசை இல்லாதவனுக்கு மூன்றாவது மேசை கிடையாது. அத்தையின் கையிலிருந்த குச்சிகள் அப்படியே நின்றுவிட்டன. அப்பா பிறந்ததும் முதல் பிறந்தநாள் வந்ததும் ஊரிலிருந்து வெகுதூரத்தில், தாத்தா குத்தகைக்கு எடுத்த வெங்காய நிலத்தில். மார்ச்சில் போனால் அக்டோபரில்தான் திரும்புவார்கள். அத்தைக்கு அப்போது ஏழு வயது, பள்ளிக்கூடத்துக்காகச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், ஆகவே அவள் கண்ணால் பார்க்கவில்லை. "அந்த வருஷம் வெங்காயம் அழுகிப் போச்சுக்கா, மேசைக்கு எங்க போறது, அம்மாவே சொல்லியிருக்காங்க" என்று அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். அத்தை அழுதாள். தன் மகன் கோஸ்த்யா உன் இடத்தில் நின்று ஊற்றட்டும் என்று ஏற்கனவே ஏற்பாடு செய்து வைத்திருந்தாள், அதுவும் வீணாயிற்று. அதற்கு முந்தின வாரம் அப்பா கோஸ்த்யாவைப் பற்றி, "அவன் ஊத்தினா குடிக்கலாம், அதுக்கு மேசைன்னு பேர் வைக்காதீங்க" என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது, ஆனால் நான் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மின்னுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்படி ஒரு விதியே இங்க கெடையாதுங்களே" என்று சொல்லிவிட்டு, ஒரு பேராசிரியருக்குப் போன் போட்டாள். அவர் பழைய நூல்கள் எதிலும் அப்படி இல்லை, தெற்கிலும் இல்லை, வடக்கிலும் இல்லை, அது நீங்கள் வழியில் எங்கேயோ உண்டாக்கிக்கொண்டதாக இருக்கலாம் என்றாராம். அத்தை போனை வாங்கி, தனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில், "ஐயா, உங்களுக்கு மொத மேசை போட்டாங்களா?" என்று கேட்டாள். அவர் போட்டார்கள் என்றார். "அப்ப ஒங்களுக்கென்ன தெரியும், போடாதவன் கஷ்டம்" என்று வைத்துவிட்டாள். வரலாறு படித்தவள் என்ற முறையில் நான் பேராசிரியர் பக்கம்.

அதன் பிறகுதான் மண்டபம் வந்தது. மின் ஏற்கனவே கேமராக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டாளாம், மேசையோ வெறும் சாப்பாடோ ஏதாவது நடந்தாக வேண்டும் என்று மன்றாடி, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மண்டபத்துக்கு எங்களை அழைத்துப் போனாள். அங்கே நடப்பதெல்லாம் குழந்தைகளின் முதல் பிறந்தநாள் விருந்து மட்டும்தான். நாட்டில் குழந்தை பிறப்பதே குறைந்துபோனதில் ஞாயிற்றுக்கிழமைகூட காலியாகக் கிடக்கிறதாம், அதனால் மேலாளர் க்வாக் எங்களைப் பார்த்ததும் வாசலுக்கே ஓடிவந்து, "குழந்தை எங்க மேடம்?" என்று ஆசையாகக் கேட்டான். உள்ளே பலூன், ஆளுயரக் கரடி பொம்மை, நடுவில் பட்டு விரிப்போடு குழந்தை மேசை, அதில் நூல்கண்டு, பேனா, ஸ்டெதாஸ்கோப், மைக், நீதிபதியின் மரச் சுத்தி. குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். அத்தை அந்த மேசையை ரொம்ப நேரம் பார்த்தாள். "எல்வீரா, ரெண்டையும் இங்கயே முடிச்சிடலாம். காலைல பதினோரு மணிக்கு, உச்சிப்பொழுதுக்குள்ள, தம்பிக்கு மொத மேசை. மத்தியானம் மூணாவது மேசை. நடுவுல இருக்கறது கல்யாணம், அதத்தான் ஏற்கனவே பண்ணித் தொலைச்சிட்டானே" என்றாள்.

க்வாக் படிவத்தை எடுத்தான். குழந்தையின் பெயர்? அர்கடி நோகாய். குழந்தைக்கு எத்தனை மாதம்? நான் மனக்கணக்குப் போட்டு எழுநூற்று இருபது என்றேன். அவன் சிரிக்கவில்லை, இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் ரெண்டு இலக்கத்துக்கு மேல எடுக்க மாட்டேங்குது மேடம், பன்னெண்டுன்னே போட்டுக்கட்டுமா?" என்றான். இப்படியாக உன் அப்பா இந்த நாட்டில் ஓர் ஆவணத்திலாவது எந்த நாடு என்று கேட்கப்படாமல் பதிவாகிவிட்டார். பட்டுத் தொப்பி வாடகை இலவசம். குழந்தைக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு கட்டம் இருந்தது, பால் என்று எழுதினேன், அது உண்மைதான். பட்டறையில் இது தெரிந்து, "அர்கடி அண்ணே, மேசையில பென்ஷன் அட்டைய வைக்கச் சொல்லுங்க, தவழ்ந்து போய் எடுத்துருவீங்க" என்று ஒரு வாரமாகச் சிரிக்கிறார்கள். அப்பா எதிர்க்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. அத்தை அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது என்ன சொல்வார். தானே தோண்டின குழியின் விளிம்பில் நிற்கிறவர் மாதிரி நின்றார். அப்போது எனக்கு அதன் காரணம் தெரியாது.

தெரிந்தது போன செவ்வாய்க்கிழமை. மண்டபத்தின் திரையில் ஓட்டுவதற்குக் குழந்தையின் வளர்ச்சிப் படம் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வேண்டுமாம், உங்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒன்று போதும் என்று க்வாக் சலுகை கொடுத்தான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் படம் தேடி அலமாரியில் இருக்கும் நீல ஆவணக் கோப்பை எடுத்தேன். விசாவுக்காகச் சேர்த்தது, தாத்தாவின் பிறப்புச் சான்று, யார் யாருடைய மகன் என்பதற்கு இரண்டு மொழியில் முத்திரைகள், நாம் கொரியர்தான் என்பதற்கு ஆதாரம். இங்கே பிறந்தவர்கள் யாரிடமும் அப்படி ஒரு கோப்பு கிடையாது, அவர்கள் பாவம், ஆதாரம் இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள். அதை அப்பா வேறு யாரையும் தொட விடுவதில்லை என்று உனக்குத் தெரியும். அவருடைய பிறப்புச் சான்றுக்குப் பின்னால் ஒரு சின்னப் படம் செருகியிருந்தது. கவிழ்த்துப் போட்ட வெங்காயப் பெட்டி, மேலே வெள்ளைத் துணி, துணியில் ஒரு கிண்ணம் அரிசி, கத்தரிக்கோல், நூல்கண்டு, புத்தகம், பக்கத்தில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை கையில் எதையோ பிடித்துக்கொண்டு கேமராவை முறைக்கிறது. காதைப் பார்த்தாலே யாரென்று தெரிந்துவிடும். பின்பக்கம் தாத்தாவின் கையெழுத்தில், "அர்கடி. முதல் மேசை. ஜூன் 9. முதலில் நூல் எடுத்தான். பிறகு மேசைக்கு அடியில் கிடந்த வெங்காயம்."

லேரா, உன் அப்பா இருபத்தாறு வருடத்தில் என்னிடம் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. கடையில் மீதி அதிகமாகக் கொடுத்தால் திரும்பி நடந்து போகிறவர். முதல் மேசை இல்லை என்று ஒரு பொய்யைச் சொன்னால் மூன்றாவது மேசை தானாக நின்றுபோகும், அப்படி நின்றுபோனால் ஊற்றுவதற்குப் பிள்ளை வரவில்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள், உன் பெயரும் யார் வாயிலும் விழாது, இதுதான் அவர் போட்ட கணக்கு. தன் பெற்றவர்கள் வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்தாவது போட்ட மேசையை, அதற்காக, போடவே இல்லை என்று சொல்லிவிட்டார். உன்னைக் கூப்பிட்டால் நீ சொன்ன சொல்லை மீறினதாகும், கூப்பிடாமல் கோஸ்த்யாவை வைத்துக்கொண்டால் நீ இல்லை என்று ஊருக்கே ஒப்புக்கொண்டதாகும், இரண்டும் அவரால் முடியவில்லை. நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி காலை அவர் பட்டுத் தொப்பியோடு கரடி பொம்மைக்குப் பக்கத்தில் உட்காரட்டும். அது பொய்க்குத் தண்டனை. மத்தியானம் மூன்றாவது மேசைக்கு முன் அவர் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறார், அது தண்டனையில் சேராது, அதை நான் ஏற்பாடு செய்யவில்லை.

அதே கோப்பில் உன் முதல் மேசைப் படமும் இருந்தது, தாஷ்கெண்டில் நம் பழைய வீட்டில் எடுத்தது. நீ பேனா, புத்தகம், அரிசி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேசை விரிப்பையே பிடித்து இழுத்தாய், எல்லாம் தரையில் விழுந்தது. அத்தை இது தூர தேசம் போகும் பிள்ளை என்றாள். அப்பா, "விரிப்பு சரியா போடலக்கா, அவ்ளோதான்" என்றார். இருவரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

உனக்கு அறிவுரை சொல்வதை நிறுத்திக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், இருந்தாலும் அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி, முலாம்பழம் வந்துவிட்டது என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதையே தின்னாதே, டாக்ஸிக்காரர் கொரியாவிலிருந்து வந்தீர்களா என்று கேட்டால் கோபப்படாதே, ஆமாம் என்று சொல், அது ஒருவகையில் உண்மைதான். பார்சலில் கடல்பாசி, முதுகுக்கு ஒட்டும் மருந்துப் பட்டை, உன் மாணவர்களுக்கு அழிப்பான் ஒரு டப்பா. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும், உன்னை யாரும் எதையும் நிரூபிக்கச் சொல்லாத வீடு ஒன்று உனக்கு அமைய வேண்டும், என் ஆசி அவ்வளவுதான்.

ஒன்று மறந்துவிட்டேன். அந்த வெங்காயப் பெட்டிப் படத்தை இந்தக் கடிதத்தோடு, கடல்பாசிப் பொட்டலத்துக்கு அடியில், அட்டைக்குள் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்தது. எட்டாம் தேதி விருந்துக்காகத் தன் நல்ல சட்டையை எடுக்க அந்த அலமாரியைத் திறப்பார், திறந்தால் அந்த நீலக் கோப்பும் கண்ணில் படும், அதற்குள் படம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். தபாலில் அனுப்பாதே, தொலைந்துவிடும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே, ரோஸா ஆகஸ்டில்தான் திரும்புகிறாள், மற்றவர்களை நான் நம்ப மாட்டேன். எதற்கும் கூப்பிட வேண்டாம் என்று நீ சொன்னாய், நான் உன்னை எதற்கும் கூப்பிடவில்லை. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கச் சொல்கிறேன், சின்ன வயதிலிருந்து சொல்வதுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எல்வீரா